சிறு விமானத்தின் ஏவியானிக்ஸை (விமான மின்னணுக் கருவிகளை) மேம்படுத்தும் முறை

புதிய டிஜிட்டல் திரையைத் தேர்ந்தெடுக்கும் முன், ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) எத்தனை ஆம்பியர் தரும், மின்னமைப்பு 14 வோல்ட்டா 28 வோல்ட்டா என்பதைக் குறித்துக்கொண்டு, எல்லாக் கருவிகளும் ஒருசேர இயங்கும்போது ஏற்படும் மின்சுமையைக் கணக்கிட வேண்டும். உங்கள் விமான மாதிரியில் அந்தத் திரையைப் பொருத்த ஒப்புதல் உள்ளதா என்பதையும் வாங்குமுன் உறுதிசெய்யுங்கள்.

கருவிப் பலகையைக் கழற்றியதும் அதன் பின்புறத்தை நீங்களே பாருங்கள். பயன்படாத பழைய கம்பிகள் கட்டுக்கட்டாகக் கிடப்பதும், அவற்றின் காப்புறை வெடித்திருப்பதும் உண்டு. அவற்றை அகற்றும் கூலியை மிச்சப்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெற்றிடப் பம்பால் சுழலும் ஜைரோ கருவிகளை (சுழலும் சக்கரத்தைக் கொண்டு விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டுபவை) மின்னணுக் கருவிகளாக மாற்றினால், மின்சாரம் நின்றாலும் விமானத்தின் சாய்வைக் காட்ட, தனி பேட்டரி கொண்ட மாற்றுக் கருவி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் எடை, ஈர்ப்பு மையக் கணக்கைப் புதுப்பித்து, வேகமும் உயரமும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுசெல்லும் பிட்டோ-ஸ்டேட்டிக் குழாய்களில் கசிவுச் சோதனையும் செய்த பிறகே மேகத்துக்குள் பறக்கலாம்.