அலுவலக நெட்வொர்க்கில் பயனர் கணக்குகள்: திறப்பது முதல் கண்காணிப்பது வரை

முப்பது நாற்பது கணினிகள் உள்ள அலுவலகம், ஒரு விண்டோஸ் சர்வர், அதில் ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை இப்போதுதான் உங்களிடம் வந்திருக்கிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கட்டளை எதுவும் டைப் செய்ய வேண்டாம். எல்லாமே மவுஸ் கிளிக்கில் முடியும்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கணக்கை ஒரே ஆள்தான் பயன்படுத்த வேண்டும். 'ஸ்டோர்', 'ரிசப்ஷன்' என்று பொதுப் பெயரில் ஒரு கணக்கு, அதில் நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைவது பல அலுவலகங்களில் நடக்கிறது. அங்கே எவ்வளவு லாக் (நடந்தவற்றின் பதிவு) சேர்த்தாலும் பயனில்லை. ஃபைல் அழிந்தது 'ஸ்டோர்' கணக்கிலிருந்து என்று தெரியும், அழித்தது யார் என்று தெரியாது. நால்வர் மீதும் சந்தேகம் விழும். அதில் மூவர் எதுவும் செய்யாதவர்களாக இருப்பார்கள். அவர்களுக்காகவாவது பொதுக் கணக்குகளை ஒழியுங்கள்.

படி 1: ஓ.யூ. (கணக்குகளைப் பிரித்துவைக்கும் ஆர்கனைசேஷனல் யூனிட்) அமைத்தல்

சர்வர் மேனேஜரில் டூல்ஸ் மெனுவைத் திறந்து, ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்டு கம்ப்யூட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் 'யூசர்ஸ்' என்று ஒரு பெட்டி ஏற்கெனவே இருக்கும். புதியவர்கள் எல்லாரையும் அதிலேயே போட்டுவிடுவார்கள். அது வேண்டாம், ஏனென்றால் அந்தப் பெட்டியின் மீது நேரடியாக குரூப் பாலிசியை (பல கணக்குகளுக்கும் கணினிகளுக்கும் மொத்தமாக விதிக்கும் அமைப்புகளை) இணைக்க முடியாது. டொமைன் (இந்த ஆக்டிவ் டைரக்டரி ஆளும் நெட்வொர்க்) பெயர் மீது ரைட் கிளிக் செய்து, நியூ, ஆர்கனைசேஷனல் யூனிட் என்று போய் பிரிவுக்கு ஒன்றாகத் திறந்துகொள்ளுங்கள்: கணக்குப்பிரிவு, விற்பனை, ஸ்டோர். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தனியாக ஒன்று. தேவை பிறகு புரியும்.

படி 2: கணக்கு திறத்தல்

உரிய ஓ.யூ. மீது ரைட் கிளிக், நியூ, யூசர். லாகின் பெயருக்கு ஒரு முறையை வகுத்து அதையே எப்போதும் பின்பற்றுங்கள். நம் ஊரில் ஒரே அலுவலகத்தில் மூன்று கார்த்திக் இருப்பது சாதாரணம், அதனால் பெயரோடு இனிஷியலையும் சேர்ப்பது நல்லது. பழைய லாகின் முறையில் 20 எழுத்துக்கு மேல் ஏற்காது, நீளமான பெயர்களைச் சுருக்க வேண்டிவரும்.

தற்காலிக பாஸ்வேர்டு கொடுத்து, 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்ற பொருள் தரும் முதல் பெட்டியில் டிக் செய்யுங்கள். ஊழியரின் பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரியக்கூடாது. பாஸ்வேர்டு காலாவதியே ஆகாது என்ற பெட்டியை டிக் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று மாதம் வருபவரா? கணக்கைத் திறந்ததும் அதன் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள அக்கவுண்ட் டேப்பில் முடியும் தேதியைப் போட்டுவிடுங்கள். அதே டேப்பில் 'லாகான் ஹவர்ஸ்' இருக்கிறது. எந்தக் கிழமை, எந்த நேரம் நுழையலாம் என்று அங்கே குறிக்கலாம்.

படி 3: அனுமதியை குரூப்புக்குக் கொடுங்கள்

ஷேர் ஃபோல்டரில் ஒவ்வொரு ஆளின் பெயராகச் சேர்த்தால் ஒரே வருடத்தில் யாருக்கு என்ன அனுமதி என்று யாராலும் சொல்ல முடியாது. பிரிவுக்கு ஒரு செக்யூரிட்டி குரூப் திறந்து, அனுமதியை அதற்குக் கொடுத்து, ஆளை அதில் சேருங்கள். கணக்குப்பிரிவில் இருந்தவர் விற்பனைக்கு மாறினால் பழைய குரூப்பிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் சேர்த்தால் போதும். எடுப்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். குரூப்பில் சேர்த்த பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லை என்று போன் வந்தால், ஒருமுறை லாக்ஆஃப் செய்து மீண்டும் நுழையச் சொல்லுங்கள்.

நீங்களும் உங்களுக்கு இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெயில் பார்க்க, பிரவுஸ் செய்ய சாதாரணக் கணக்கு. சர்வர் வேலைக்கு மட்டும் அட்மின் கணக்கு.

படி 4: பாஸ்வேர்டும் லாக்அவுட்டும்

குரூப் பாலிசி மேனேஜ்மென்ட்டில் டிஃபால்ட் டொமைன் பாலிசியை எடிட் செய்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், செக்யூரிட்டி செட்டிங்ஸ், அக்கவுண்ட் பாலிசீஸ் என்று போங்கள். தொடக்கத்தில் பாஸ்வேர்டின் குறைந்தபட்ச நீளம் 7, அதிகபட்ச ஆயுள் 42 நாள் என்று இருக்கும். நீளத்தை 12 ஆக்குங்கள். ஆயுளைக் குறைக்க வேண்டாம். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஒரு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள், இல்லையென்றால் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள். காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டும் 2017 வழிகாட்டியில் சொல்லிவிட்டது.

லாக்அவுட் எண்ணிக்கை 0 என்று இருந்தால் எத்தனை முறை தவறாக அடித்தாலும் கணக்கு பூட்டாது. 10 முறை தவறினால் 15 நிமிடம் பூட்டும்படி வையுங்கள். மூன்று முறை என்று இறுக்கினால் நாள் முழுக்க கணக்கைத் திறந்துவிடுவதே உங்கள் வேலையாகிவிடும்.

படி 5: கண்காணிப்பு

டொமைன் கன்ட்ரோலர் என்பது ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்தான். டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசியில் 'அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசி' பகுதிக்குப் போய், அக்கவுண்ட் லாகான், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட், லாகான்/லாகாஃப் மூன்றிலும் வெற்றி, தோல்வி இரண்டையும் பதியச் செய்யுங்கள். அப்புறம் லாகைப் படிக்கும் கருவியான ஈவென்ட் வியூவரில் 'கிரியேட் கஸ்டம் வியூ' எடுத்து, செக்யூரிட்டி லாகைத் தேர்ந்து, இந்த ஈவென்ட் எண்களைக் காற்புள்ளி வைத்துக் கொடுங்கள்: 4720, 4725, 4726, 4728, 4732, 4740, 4756.

4720 புதுக் கணக்கு திறக்கப்பட்டது. 4725 முடக்கப்பட்டது. 4726 அழிக்கப்பட்டது. 4728, 4732, 4756 மூன்றும் யாரையோ ஒரு குரூப்பில் சேர்த்ததைச் சொல்பவை. டொமைன் அட்மின்ஸ் குரூப் 4728-இல் வரும். நீங்கள் சேர்க்காத ஒரு பெயர் அங்கே தெரிந்தால் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு அதை விசாரியுங்கள்.

பாஸ்வேர்டு தவறுவதைத் தேடும்போது புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 4625 என்றால் தோல்வியடைந்த லாகின் என்று படித்துவிட்டு சர்வரில் தேடுவார்கள், அங்கே இருக்காது. ஊழியர் தன் மேசைக் கணினியில் தவறாக அடித்தால் 4625 அந்தக் கணினியின் லாகில்தான் பதியும். டொமைன் கன்ட்ரோலரில் அதே தவறு 4771 அல்லது 4776 ஆக வரும். 4771-ஐத் திறந்து ஃபெயிலியர் கோடின் கடைசியில் 18 இருந்தால் பாஸ்வேர்டு தவறு. 12 என்றால் கணக்கு பூட்டியோ, முடக்கியோ, காலாவதியாகியோ இருக்கிறது.

இனி, 'என் கணக்கு தானாகவே பூட்டிக்கொள்கிறது' என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது? திறந்துவிட்டு அனுப்பினால் அரை மணியில் திரும்பி வருவார். கணக்கு பூட்டியதைச் சொல்லும் 4740-ஐத் திறந்து பாருங்கள். அதில் 'காலர் கம்ப்யூட்டர் நேம்' என்ற வரியில் தவறான பாஸ்வேர்டு எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று இருக்கும். டொமைன் கன்ட்ரோலர் இரண்டு இருந்தால் பி.டி.சி. எமுலேட்டர் (பாஸ்வேர்டு மாற்றம், லாக்அவுட் இரண்டையும் ஒருங்கிணைக்கும்) பொறுப்பில் உள்ளதைப் பாருங்கள். அந்தக் கணினிக்குப் போய், கன்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு சேமித்திருக்கிறதா, ஷெட்யூல் செய்த வேலை ஏதாவது அவர் பெயரில் ஓடுகிறதா, துண்டிக்காமல் விட்ட ரிமோட் டெஸ்க்டாப் அமர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். கணினிப் பெயருக்குப் பதில் மெயில் சர்வரோ வைஃபை சர்வரோ இருந்தால், அவருடைய கைப்பேசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போன வாரம் மாற்றிய பாஸ்வேர்டு அதில் மாறியிருக்காது.

படி 6: வேலையை விட்டுப் போனவர்

கணக்கை அழிக்காதீர்கள், டிஸேபிள் செய்யுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்.ஐ.டி. என்ற உள் எண் ஒன்று உண்டு. அனுமதிகள் எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி திறந்தாலும் எண் வேறு, பழைய அனுமதி எதுவும் வராது. முடக்கியதும் பாஸ்வேர்டை மாற்றி, குரூப் பட்டியலைக் குறித்துவைத்துக்கொண்டு குரூப்புகளிலிருந்து நீக்கி, விட்டுப் போனவர்களுக்கென்று முதல் படியில் திறந்த ஓ.யூ.வுக்கு நகர்த்துங்கள்.

முடக்கிய நொடியே அவர் வெளியே போய்விட மாட்டார் என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட் (நுழையும்போது டொமைன் கன்ட்ரோலர் தரும் தற்காலிக அனுமதிச் சீட்டு) இயல்பான அமைப்பில் 10 மணி நேரம் வரை செல்லும். அவர் கணினியையும், சர்வரில் திறந்திருக்கும் அமர்வையும் கையோடு லாக்ஆஃப் செய்யுங்கள்.

யாரும் சொல்லாமல் போனவர்களைப் பிடிக்க, யூசர்ஸ் அண்டு கம்ப்யூட்டர்ஸிலேயே 'சேவ்டு குவெரீஸ்' இருக்கிறது. நியூ குவெரி எடுத்து, டிஃபைன் குவெரியில் 'கடைசி லாகினுக்குப் பின் நாட்கள்' என்ற இடத்தில் 90-ஐத் தேர்ந்து சேமித்துவிட்டால் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கலாம். இந்தக் கணக்கில் இரண்டு வாரம் வரை முன்பின் இருக்கும், ஏனென்றால் அந்தத் தேதி ஒவ்வொரு லாகினுக்கும் புதுப்பிக்கப்படுவதில்லை. 30 நாள் என்று வைத்து உடனே முடக்கினால் நீண்ட விடுப்பில் போனவரும் அதில் சிக்குவார். பட்டியலை அந்தந்தப் பிரிவுத் தலைவரிடம் காட்டிவிட்டு முடக்குங்கள்.