முழுநாள் நிகழ்வா? முடிவுத் தேதியில் ஒரு நாளைக் கூட்டுங்கள்

கூகுள் காலண்டர் ஏபிஐ (நிரலிலிருந்து காலண்டரைக் கையாளும் இடைமுகம்) வழியாக நிகழ்வுகளைச் சேர்ப்பவர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். முழுநாள் நிகழ்வுக்கு 'டேட்' புலம், நேரம் குறித்த நிகழ்வுக்கு 'டேட்டைம்' புலம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் முடிவுத் தேதியில் இருக்கிறது: அந்த நாள் நிகழ்வில் சேராது.

மார்ச் 10 முதல் 12 வரை விடுப்பு என்றால் தொடக்கம் 2025-03-10, முடிவு 2025-03-13. முடிவை 12 என்று கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. காலண்டரில் இரண்டு நாள் மட்டும் தெரியும். அதனாலேயே இது சோதனையில் கண்ணில் படாமல் போய்விடுகிறது. காலண்டர் தரவைப் பரிமாறப் பயன்படும் ஐகேலண்டர் வடிவத்தின் பொது வரையறையான ஆர்எஃப்சி 5545-உம் இப்படித்தான். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நாள் கணக்கு நேராக வந்துவிடும் என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும். பயனருக்குக் காட்டும்போது மட்டும் மறக்காமல் ஒரு நாளைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், ஜாவாஸ்கிரிப்டில் '2025-03-10' என்ற சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே டேட் ஆப்ஜெக்டாக மாற்றாதீர்கள். அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். யுடிசிக்கு மேற்கே உள்ள பயனருக்கு மார்ச் 9 என்று காட்டும். கிழக்கே உட்கார்ந்து நிரல் எழுதுபவரின் கணினியில் இது தெரியவே தெரியாது. தேதி மட்டும் வேண்டிய இடத்தில் சரமாகவே வைத்திருங்கள். ஜாவா என்றால் லோக்கல்டேட், பைத்தான் என்றால் டேட் வகை போதும். ஒரு நாளைக் கூட்டவும் அவற்றையே பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்தைக் கூட்டினால், கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரம் மாற்றப்படும் நாளில் கணக்கு தவறக்கூடும்.