எவர்கிளேட்ஸ் ஒரு நாள் ட்ரிப்: இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மியாமி வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஃப்ளோரிடால இருக்கிற சதுப்பு நில தேசியப் பூங்காவான எவர்கிளேட்ஸுக்கு ஒரு நாள் போயிட்டு "ஒன்னுமே இல்லப்பா, வெறும் புல்லு"ன்னு சொல்றப்ப எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா அங்க விலங்கு இல்லாம இல்ல, இவங்க போன நேரமும் போன விதமும்தான் தப்பு.

முதல் தப்பு சீசன். ஊர்ல இருந்து அம்மா அப்பா வர்றதும் பசங்களுக்கு ஸ்கூல் லீவும் ஜூன் ஜூலைல, அதனால அப்பவே கூட்டிட்டுப் போயிடறாங்க. அது அங்க மழைக்காலம், எங்க பார்த்தாலும் தண்ணி, மீன் எல்லாம் பரவிப் போயிடும், அது பின்னாடியே பறவையும் அலிகேட்டரும் (மூக்கு அகலமான ஒரு முதலை வகை) பரவிடும், உங்க கண்ணுக்கு மிஞ்சுறது கொசு மட்டும்தான். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கதையே வேற. மழை நின்னு தண்ணி வத்த வத்த மிச்சம் இருக்கிற குட்டைலதான் மொத்த மீனும் மாட்டிக்கும், அலிகேட்டர் தோண்டி வெச்சிருக்கிற பள்ளத்துல கூட தண்ணி நிக்கும், அங்க கொக்கு, நாரை, ஆமை எல்லாம் ஒரே இடத்துக்கு சாப்பிட வந்துடும், நீங்க கரைல நின்னாலே போதும். முடிஞ்சா பெத்தவங்க டிக்கெட்டையே குளிர்காலத்துக்குப் போடுங்க, மியாமில அப்ப குளிரும் பெருசா இருக்காது.

அடுத்தது, ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்துடலாம்னு நினைக்கிறது. பார்க் கிட்டத்தட்ட 6,000 சதுர கிலோமீட்டர், வாசல் மூணு பக்கம், ஹோம்ஸ்டெட் பக்கம், ஷார்க் வேலி, எவர்கிளேட்ஸ் சிட்டி, ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு உள்ளயே போக ரோடு கிடையாது, வெளிய வந்து சுத்திதான் போகணும். ஜிபிஎஸ்ல சும்மா "எவர்கிளேட்ஸ்"னு போட்டா எங்கயாவது கொண்டு போய் விட்டுடும், வாசல் பேரப் போடுங்க. எந்த வாசல்னு கேட்டா, வயசானவங்க, சின்னப் பசங்க இருந்தா நான் ஹோம்ஸ்டெட்தான் சொல்லுவேன். உள்ள போன கொஞ்ச தூரத்துலயே ராயல் பாம்ங்கிற இடத்துல அன்ஹிங்கா ட்ரெயில்னு ஒரு நடைபாதை இருக்கு, மொத்தமே 1.3 கிலோமீட்டர்தான், பாதி மரப்பாலம், வீல்சேர் கூட போகும். அன்ஹிங்கா வேற யாரும் இல்ல, நம்ம ஏரில கழுத்த மட்டும் நீட்டிக்கிட்டு நீந்துமே பாம்புத்தாரா, அதோட நெருங்கின சொந்தம், மீனைக் குத்தி எடுத்துட்டு மேல வந்து ரெக்கையை விரிச்சுக் காய வெக்கிறத ரொம்பக் கிட்டயே பார்க்கலாம். இந்தச் சின்ன ட்ரெயில இருபது நிமிஷத்துல நடந்து முடிச்சுட்டு "அடுத்து என்ன"ன்னு ஓடறாங்க பாருங்க, அதுதான் என்னப் பொறுத்தவரைக்கும் பெரிய தப்பு. ஒரே இடத்துல அரை மணி நேரம் சத்தம் போடாம நில்லுங்க, கட்டைன்னு நினைச்சது கண்ணைத் திறக்கும், புல்லுக்குள்ள ஏதோ அசையும், எல்லாமே அதுக்கப்புறம்தான் தெரிய ஆரம்பிக்கும்.

ஷார்க் வேலின்னா 15 மைல் லூப், நடுவுல ஏறிப் பார்க்க ஒரு டவர், ட்ராம்ல போலாம் இல்ல சைக்கிள் எடுக்கலாம். சைக்கிள்னா பாதில குறுக்கு வழி எதுவும் கிடையாது, நிழலும் கிடையாது, தண்ணி நிறைய எடுத்துக்கோங்க. குளிர்கால வீக்எண்ட்ல பார்க்கிங் சீக்கிரம் ஃபுல் ஆயிடும், காலைலயே போயிடுங்க.

ஏர்போட்ல (பின்னாடி பெரிய காத்தாடி வெச்ச படகு) ஒரு ரவுண்டு போயிட்டு எவர்கிளேட்ஸ் பார்த்தாச்சுன்னு திரும்பறவங்களும் உண்டு. ஆசைப்பட்டா போங்க, ஆனா அந்த சத்தத்துல எந்தப் பறவையும் உக்காந்திருக்காது. சில இடத்துல அலிகேட்டர் குட்டி வாயைக் கட்டி ஃபோட்டோவுக்குக் கைல குடுப்பாங்க, அதை மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க.

அலிகேட்டர் வெயில்ல அசையாம கிடக்கும், உடம்பச் சூடாக்கிக்குது, அவ்ளோதான், தூங்குதுன்னு கிட்டப் போய் செல்ஃபி எடுக்காதீங்க. 15 அடி தள்ளியே நில்லுங்க, சின்னப் பசங்க கையப் பிடிச்சுக்கோங்க. சிப்ஸ், ரொட்டி எதுவும் போடாதீங்க, சட்டப்படி குத்தம், அது மட்டுமில்ல, மனுஷன்னா சாப்பாடுன்னு ஒருவாட்டி பழகிட்ட அலிகேட்டர் அப்புறம் ஆளைப் பார்த்தா பயப்படாது, ஆபத்துன்னு கடைசில அதைத்தான் கொன்னுடுவாங்க. நீங்க பாசமா போட்ட ஒரு துண்டு ரொட்டிதான் காரணம்.

ஹோம்ஸ்டெட் ரோடு முடியற இடம் ஃப்ளமிங்கோ, வாசல்ல இருந்து 61 கிலோமீட்டர். பேரைப் பார்த்து பூநாரைக்காகப் போகாதீங்க, அது அபூர்வமாத்தான் வரும். படகுத்துறைல கொஞ்சம் காத்திருந்தா மூக்கு ஒல்லியா சாம்பல் பச்சை நிறத்துல நிஜ முதலை (க்ரோக்கடைல்) தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா மூச்சு விட மேல வர்ற மனாட்டியும் (கடல்பசு மாதிரி தண்ணில வாழற பாலூட்டி). அலிகேட்டரும் முதலையும் காட்டுல சேர்ந்து வாழற இடம் உலகத்துல தெற்கு ஃப்ளோரிடா மட்டும்தான். பெட்ரோல் ஹோம்ஸ்டெட்லயே போட்டுக்கோங்க, சிக்னல் போயிடும், மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. நுழைவுக் கட்டணத்துக்கு கார்டு வேணும், கேஷ் வாங்க மாட்டாங்க. குளிர்காலம்னாலும் முழுக்கை சட்டையும் கொசு மருந்தும் பைல இருக்கட்டும்.

அப்புறம் ராயல் பாம் பார்க்கிங்ல கருப்புப் பிணந்தின்னிக் கழுகு கூட்டமா உக்காந்திருக்கும், கார் வைப்பர், கண்ணாடி ஓரத்து ரப்பர் எல்லாம் கொத்திப் பிச்சுடும். அங்கயே தார்ப்பாய் வெச்சிருப்பாங்க, சோம்பல் படாம எடுத்து வண்டிய மூடிட்டுப் போங்க, திரும்பி வந்ததும் மடிச்சு அங்கயே வெச்சுடுங்க.