ஃப்ரெகோலி பாணியில் நொடியில் உடை மாற்ற

நான் மேடை உடை தைப்பவள். எனக்கு வழிகாட்டி ரோமில் பிறந்த லியோபோல்டோ ஃப்ரெகோலி (1867–1936). பாட்டு, நகைச்சுவை, வித்தை எல்லாம் கலந்த வாட்வில் மேடை நிகழ்ச்சிகளின் காலத்தில் ஒரே ஆளாக ஒரு நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களிலும் வந்துபோன மனிதர். அவர் கைவேகத்தை எல்லாரும் புகழ்வார்கள். என் கண்ணில் பாதி வேலை தையலில்தான்.

முதலில், சட்டை, வெயிஸ்ட்கோட், கோட்டு மூன்றையும் தனித்தனியாகத் தைக்காதீர்கள். கோட்டின் உள்ளே சட்டையின் முன்பக்கத்தையும் டையையும் சேர்த்துத் தைத்துவிட்டு, திறப்பை முதுகில் வையுங்கள். நடிகர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நுழைந்தால் போதும், உதவியாளர் பின்னால் மூடிவிடுவார். ஷூவில் லேஸுக்குப் பதில் எலாஸ்டிக். அடுத்த பாத்திரத்தின் மெல்லிய உடையை அடியிலேயே போட்டுவிடலாம்.

மூடுவதற்கு வெல்க்ரோ எளிது, ஆனால் கிழிக்கும் சத்தம் வரும். ஒருமுறை அமைதியான காட்சியில் அது முன்வரிசை வரை கேட்டது. அன்றிலிருந்து எனக்குப் பெரிய பிரஸ் பட்டன்தான். ஃப்ரெகோலி காலத்தில் வெல்க்ரோவே கிடையாது.

அப்புறம் ஒத்திகை. உடைகளைப் போடும் வரிசையில் நாற்காலியில் அடுக்குங்கள், விக் கடைசி. கழற்றியது கீழே விழட்டும், யாரும் மடிக்க வேண்டாம். உதவியாளர் இருவர் என்றால் ஒருவருக்கு இடுப்புக்கு மேல், மற்றவருக்குக் கீழ். வெளிச்சத்தில் பழகியதும் விளக்கை அணைத்துப் பழகுங்கள். உடை மாறும்போதே நடிகர் திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த பாத்திரத்தின் குரலில் பேசத் தொடங்கிவிட வேண்டும்.