பழைய வெஸ்டர்ன் படம் திரையிடுவோருக்கு: கலைஞர் பெயர்த்தாள் தயாரிக்கும் முறை

தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ பழைய ஆங்கிலப் படமொன்றைத் திரையிட நினைப்பவர்கள், பார்க்க வருவோரின் கையில் கதைச்சுருக்கத்தைக் கொடுப்பதைவிட, அந்தப் படத்தை ஆக்கியவர்கள் யார் யார், அவரவர் உழைப்பு திரையில் எந்த இடத்தில் தெரிகிறது என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது பயன் தரும். கதையைப் படமே சொல்லிவிடும். ஆக்கியவர்களைப் பற்றி அது அதிகம் சொல்லாது. அத்தகைய தாளைத் தயாரிக்கும் முறையை 1952-இல் வெளிவந்த ‘ஹை நூன்’ என்ற வெஸ்டர்ன் படத்தை, அதாவது பழைய அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் கதைப் படத்தை, வைத்து இங்கே விளக்குகிறேன். பன்னிரண்டு மணி ரயிலில் வரும் பகைவனை, ஊரார் கைவிட்ட நிலையில் எதிர்நோக்கும் மார்ஷல் (ஊர்க் காவல் அதிகாரி) ஒருவரின் கதை அது. கறுப்பு வெள்ளைப் படம், 85 நிமிடம் ஓடும். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பதறாமல் எழுந்து போகலாம்.

முதல் வேலை, இணையத்தைத் திறக்காமல் படத்தையே ஓடவிட்டு, பெயர்களைத் திரையிலிருந்து பார்த்து எழுதுவது. அக்காலத்து ஹொலிவூட் படங்களில் பெயர்கள் முன்னாலேயே வந்துவிடும். இன்றைய படங்களைப்போல் முடிவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் உருண்டு போவதில்லை. பெயர்கள் வரும் ஒவ்வொரு அட்டையிலும் படத்தை நிறுத்தி, வந்த வரிசை மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். யார் பெயர் முதலில், எந்த அளவில், யாருடன் சேர்த்து என்பதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் தீர்மானமாகும் சங்கதி. ஆகவே அந்த வரிசை ஒருவரின் அந்தஸ்தைக் காட்டுமேயன்றி, படத்தில் அவருடைய பங்கின் அளவைக் காட்டாது. தச்சர்கள், மின்னாளர்கள், தையற்காரர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் இராது. பகுதித் தலைவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும்.

அடுத்து நடிகர்கள். பெயருக்கு நேரே பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டால் ஆங்கில வசனத்தை முழுதாகப் பின்தொடர முடியாதவர்களுக்கு அது உதவாது. பாத்திரம் செய்யும் ஒரு காரியத்தைக் கொண்டே அடையாளம் காட்ட வேண்டும். ஓட்டோ குரூகர் என்பதற்கு நேரே ‘நீதிபதி’ என்று எழுதுவதைவிட, ‘சுவரிலிருந்த கொடியை மடித்து, தராசையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படும் நீதிபதி’ என்று எழுதினால், அந்தக் காட்சி வந்தவுடன் மண்டபத்தில் யாரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிராது. அவ்வாறே, வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு ‘அவர் இல்லை’ என்று மனைவியைச் சொல்ல வைப்பவர் ஹரி மோர்கன். தேவாலயத்தில் மார்ஷலைப் புகழ்ந்து பேசிவிட்டு, கடைசியில் ஊரைவிட்டுப் போய்விடுமாறு புத்தி சொல்லும் மேயர் தோமஸ் மிச்சல். கைமூட்டு நோவினால் துப்பாக்கி தூக்க இயலாத முன்னாள் மார்ஷல் லொன் சேனி ஜூனியர். கோபத்தில் பதவிச் சின்னத்தைக் கழற்றி வைக்கும் உதவியாளர் லொயிட் பிரிட்ஜஸ். மார்ஷல் வில் கேனாக கேரி கூப்பரும் அவருடைய புது மனைவி ஏமியாக கிரேஸ் கெலியும் நடித்திருக்கிறார்கள். கூப்பர் 1901-இலும் கெலி 1929-இலும் பிறந்தவர்கள் என்பதைத் தாளில் சேர்க்கலாம். அந்த வயது இடைவெளி எப்படியும் பேச்சுக்கு வரும். கெலிக்கு இது இரண்டாவது படம்.

ஹெலன் ராமிரேஸாக நடித்த கேட்டி ஜுராடோவுக்குத் தனியாக மூன்று வரி ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மெக்சிக்கோ நாட்டு நடிகையான அவர் இப்படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான கோல்டன் குளோப் விருதைப் பெற்றார். அந்த ஊரில் எல்லாவற்றையும் முதலிலேயே விளங்கிக்கொள்பவள் அவர் ஏற்ற பாத்திரம்தான். கேனும் அவளும் சில சொற்களை ஸ்பானிய மொழியில் பேசிக்கொள்ளும் இடத்தை முன்கூட்டியே குறித்துக் காட்டினால், உபதலைப்பு அங்கே கைவிட்டாலும் பார்ப்பவர்கள் தடுமாற மாட்டார்கள்.

முகம் இருந்தும் பெயர் பிந்துகின்றவர்களையும் பெயரே இல்லாதவர்களையும் தேடிப் பிடிப்பது இந்த வேலையின் சுவையான பகுதி. படம் தொடங்கும்போது பெயர்களுக்குப் பின்னால் குன்றோரத்தில் தனியாகக் காத்திருக்கும் மனிதர் லீ வான் கிளீஃப். அவருக்கு இதுவே முதற்படம், வசனம் ஒன்றுகூட இல்லை. பிற்காலத்தில் இத்தாலிய வெஸ்டர்ன் படங்களால் உலகமெங்கும் அறியப்பட்ட அந்த முகம், ‘ஹை நூன்’ படத்தில் நாம் முதலில் காணும் முகமாக இருந்தும் பெயர் வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறது. சிறைக்கூண்டில் குடித்துவிட்டுக் கிடக்கும் சார்லியாக வரும் ஜக் ஈலமின் பெயர் திரையில் போடப்படவே இல்லை. இத்தகையவர்களைத் தாளின் கீழே ‘திரையில் பெயர் வராதோர்’ என்று தனியே எழுதுங்கள். மேலுள்ள பட்டியலோடு கலந்தால், திரையில் உள்ளது எது, நாம் சேர்த்தது எது என்பது பிறகு எவருக்கும் தெரியாமல் போய்விடும்.

தொழில்நுட்பக் கலைஞர்களை அறிமுகப்படுத்தும்போது ‘ஒளிப்பதிவு: புளொய்ட் குரோஸ்பி’ என்று எழுதி நிறுத்தினால் அது வெறும் பெயராகவே தங்கிவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அக்கால வெஸ்டர்ன் படங்களில் வானம் பெரும்பாலும் கமராவில் பொருத்தும் வடிகண்ணாடியின் உதவியால் கருமை கூடி, வெண்முகில்கள் எடுப்பாகத் தெரிய அழகாக இருக்கும். குரோஸ்பியும் இயக்குநர் ஃபிரெட் ஸின்னமனும் அதைத் தவிர்த்து, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் புகைப்படங்களையும் செய்திப்படங்களையும் மனத்தில் வைத்து, வெளிறிய வெள்ளை வானத்தை அப்படியே விட்டார்கள். அந்த வானத்தின் கீழே கறுப்பு உடையில் நடக்கும் கூப்பரை எங்கிருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, கேன் நடுத்தெருவில் நிற்க, கமரா கிரேன் மீதேறி மெல்ல மேலே போகும் காட்சி. தொடக்கத்தில் அவருடைய முகம், பிறகு தெரு, பிறகு ஆளரவமற்ற ஊர் முழுவதும். அந்த ஓர் ஓட்டத்தைப் பார்க்கச் சொன்னாலே போதும், ஒளிப்பதிவாளர் செய்யும் வேலை என்ன என்று பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

படத்தொகுப்பையும் இசையையும் ஒன்றாகச் சேர்த்தே எழுதலாம், ஏனெனில் பன்னிரண்டு மணி நெருங்கும் இடத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது: ஆடும் ஊசல், காத்திருக்கும் முகங்கள், வெறுமையான தண்டவாளம், இறுகிக்கொண்டே போகும் தாளம், அதை அறுக்கும் ரயில் ஊதல். தொகுத்தவர்கள் எல்மோ வில்லியம்ஸ், ஹரி கெர்ஸ்டாட். இசை டிமிட்ரி தியொம்கின். பாடலை எழுதியவர் நெட் வொஷிங்டன், பாடியவர் டெக்ஸ் ரிட்டர். படத்தொகுப்பு மேசையில்தான் இப்படம் காப்பாற்றப்பட்டது என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது; அதில் பணியாற்றியவர்களிடையேகூட அதைப் பற்றி ஒத்த கருத்து இருக்கவில்லை. அதைத் தாளில் உண்மையாக எழுதிவிடாமல், சொல்ல விரும்பினால் கதையென்றே சொல்லுங்கள்.

விருதுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ஏழு ஒஸ்கார் பரிந்துரைகளில் நான்கு கிடைத்தன: சிறந்த நடிகர், படத்தொகுப்பு, பின்னணி இசை, பாடல். படம் 1952-இல் வந்தது, விழா 1953-இல் நடந்தது. பட்டியல்களில் இரண்டு ஆண்டுகளும் மாறிமாறி வருவதால் நீங்கள் எதை எழுதுகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இனி, தாளின் பாதியையாவது கொடுக்கத்தக்க ஒருவர்: திரைக்கதையாசிரியர் கார்ல் ஃபோர்மன். ஜோன் கனிங்ஹம் 1947-இல் எழுதிய சிறுகதையொன்றைத் தழுவி அவர் இத்திரைக்கதையை எழுதினார். படப்பிடிப்பு நடந்த 1951-ஆம் ஆண்டு செப்டெம்பரில், கம்யூனிஸ்ட்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. தம் கூட்டாளிகளின் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். அதன் விளைவாக, வேலை கொடுக்கக்கூடாதவர்களின் பட்டியலான ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். ‘ஹை நூன்’ படத்தில் எழுத்தாளர் என்ற பெயர் அவருக்கு நின்றது. இணைத் தயாரிப்பாளர் என்ற பெயர் எடுக்கப்பட்டது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில், நாள் முழுக்க வேலை செய்தவருக்கு அரைநாளுக்குரிய அரைப்பேர் போட்ட கணக்குத்தான். ஊரெல்லாம் கைவிட்ட ஒரு மனிதனின் கதையை எழுதியவருக்கு, அதை எழுதும்போதே அந்த நிலை வாய்த்தது என்பதை அறிந்து படத்தைப் பார்த்தால், தேவாலயக் காட்சியில் ஒவ்வொருவராக எழுந்து நியாயம் பேசுவது வேறு விதமாகக் காதில் விழும்.

அவருக்கு அடுத்து நடந்தது நம் பாதையோரத்துச் சங்கதி. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் இறங்குகிறவர்கள் கினிகத்தேனையைத் தாண்டியபின் கடக்கும் கித்துல்கலையில், களனி கங்கையின் மேல் பாலம் கட்டி டேவிட் லீன் எடுத்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ 1957-இல் வெளிவந்தது. அதன் திரைக்கதையை எழுதியவர்கள் ஃபோர்மனும், அவரைப்போலவே கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கல் வில்சனும். திரையில் வந்ததோ மூல நாவலைப் பிரெஞ்சு மொழியில் எழுதிய பியேர் பூலின் பெயர். தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்காரும் அவருக்கே போயிற்று. 1984-இல்தான் அமெரிக்கத் திரைப்பட அக்கடமி அவ்விருதை ஃபோர்மனுக்கும் வில்சனுக்கும் உரியதாக அங்கீகரித்தது. வில்சன் 1978-இலேயே காலமாகியிருந்தார். ஃபோர்மனும் அதே 1984-இல் காலமானார். பாலம் வெடித்த இடத்தைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர்; அந்தப் பெயர்களை அறிந்து போகிறவர்கள் சிலரே. ஆகையால் இந்தப் பகுதியைத் தாளில் பெட்டிகட்டிப் போடுங்கள்.

சரிபார்க்கும்போது ஒரே இடத்திலிருந்து நகலெடுத்த இரண்டு தளங்களை இரண்டு சாட்சிகளாகக் கொள்ளக்கூடாது. திரையில் உள்ள பெயர் முதற்சாட்சி. அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் பட்டியலும் அக்கடமியின் விருதுத் தரவகமும் அதற்குத் துணை. ரசிகர்களே தொகுக்கும் தரவகங்கள் தேடத் தொடங்குவதற்கு நல்லவை, முடிப்பதற்கு அல்ல. இரண்டு இடத்திலும் கிடைக்காத தகவலை எவ்வளவு சுவையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது தாள் முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள். ஏ-4 தாளின் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முன்வரிசையில் பாட்டிமார் அமர்ந்திருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அதற்காகத் தகவலைக் குறைத்தாலும் நட்டமில்லை. அறிமுகப் பேச்சு பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தகரக் கூரையுள்ள மண்டபமாயின், மழை பிடித்துவிட்டால் பேச்சும் கேளாது வசனமும் கேளாது. அதனால் உபதலைப்பைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டு, ஒலிபெருக்கியைப் பார்வையாளர் பக்கமாக நகர்த்தி வையுங்கள். தாளை மண்டபத்து விளக்கு எரியும்போதே கொடுத்து, ஒருவரைக் கொண்டு உரக்க வாசிக்கவும் செய்யுங்கள். முடிவுக் காட்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. திரையிட்ட பின் எவராவது ஒரு பெயரைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தை மூலப் பிரதியிலேயே சிவப்பு மையால் குறித்துத் திகதியிட்டு, அந்தப் பிரதியை வாசிகசாலைக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை போட்டோகொப்பிக் கடைக்குப் போக வேண்டியது அந்தப் பிரதிதான்.