சாச்சுரேஷன் 98 காட்டினாலும் மூச்சு நின்றிருக்கலாம்

மயக்கமருந்து கொடுத்து எண்டோஸ்கோபி செய்யும் அறையில் அடிக்கடி நடக்கும் தவறு இது: ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவை (சாச்சுரேஷன்) காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பார்த்துவிட்டு மூச்சையே கவனித்துவிட்டதாக எண்ணுவது. மூக்குக்குழாயில் ஆக்ஸிஜன் போகும்போது நுரையீரலில் அதன் இருப்பு கூடிவிடுகிறது. மூச்சு நின்ற பிறகும் அந்த இருப்பு தீரும்வரை திரையில் 97, 98 என்றே நிற்கும். தீர்ந்ததும் எண் மளமளவென்று சரியும். விரல் சென்சாரோ அதையும் தாமதமாகத்தான் காட்டும். இதற்காக ஆக்ஸிஜனை நிறுத்திவிடக் கூடாது. வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகத் திரையில் காட்டும் கேப்னோகிராஃபியைச் சேர்க்க வேண்டும். மிதமான மயக்கத்திலும் அதைக் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் தரநிலையில் 2011 முதல் இருக்கிறது.

கருவி வந்த பிறகும் அதைத் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு 35 முதல் 45 மி.மீ. பாதரசம் என்ற இயல்பு அளவை மனதில் வைத்துக்கொண்டு, எண் ஏறினால்தான் ஆபத்து என்று காத்திருக்கிறார்கள். மேலோட்டமான மூச்சில் எண் இறங்கவும் செய்யும். நுரையீரலின் அடிக்காற்று வெளியே வந்து சேருவதில்லை, வருவதும் ஆக்ஸிஜனோடு கலந்து நீர்த்துவிடுகிறது. ஆகவே எண்ணைவிட அலைவடிவத்தையும் அதன் இடைவெளியையும் பாருங்கள். கோடு தட்டையானால் "டியூப் கழன்றிருக்கும்" என்று கருவியை நோண்டாமல், முதலில் நோயாளியைப் பாருங்கள். ஸ்கோப்பைக் கடிக்காமலிருக்க வாயில் கடிகட்டை வைத்திருப்பவர் வாயாலும் மூச்சுவிடுவார். வாய்ப்பக்கமும் காற்றை எடுக்கும் குழாய் தேவை.

நெஞ்சு அசைவதும் போதிய சான்றல்ல. நாக்கு பின்னால் சரிந்து பாதை அடைத்தாலும் நெஞ்சும் வயிறும் போராடும். நெஞ்சு உள்வாங்க வயிறு எழும்பும். ஈசிஜி ஒட்டுகளிலிருந்து மானிட்டர் கணக்கிடும் மூச்சு எண்ணிக்கை இந்தப் போராட்டத்தையும் மூச்சாகவே எண்ணிவிடும். குறட்டை கேட்டால் நன்றாகத் தூங்குகிறார் என்று விடாமல், தாடையை முன்னுயர்த்துங்கள்.

மயக்கமருந்தான மிடசோலம் போட்ட உடனே அடுத்த டோஸ் கொடுப்பதும் தவறு. அதன் முழு வேலை தெரியச் சில நிமிடங்கள் ஆகும். வலிமருந்தான ஃபென்டனிலும் சேர்ந்தால் மூச்சு இன்னும் அடங்கும்.

ஸ்கோப் வெளியே வந்ததும் ஒயர்களைக் கழற்றுவதை என்னவென்று சொல்வது? ஸ்கோப்பின் தூண்டல் நின்றதும் மயக்கம் ஆழமாகும் நேரம் அதுதான். மிடசோலத்துக்கு முறிமருந்தான ஃப்ளுமாசெனிலோ, ஃபென்டனிலுக்கு முறிமருந்தான நலோக்சோனோ கொடுத்தவருக்கு இன்னும் கவனம் வேண்டும். முறிமருந்தின் வீரியம் முதலில் தீர்ந்து மயக்கம் திரும்பலாம். இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருங்கள். இன்னொரு மயக்கமருந்தான புரோபோஃபாலுக்கு முறிமருந்தே கிடையாது. அதைப் பயன்படுத்தும் அறையில் முகமூடியும், கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.