குடியை விட்டவருக்கு மூன்றாம் நாள் ஏன் ஆபத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதிர்காமப் பாதயாத்திரை, மாமாங்கத் தீர்த்தம், கண்ணகி அம்மன் சடங்கு என்று ஒவ்வொன்றாக நெருங்கும்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடியை விடுகிறவர்கள் கூடுகிறார்கள். நேர்த்திக்காக விடுவது நல்லதுதான். ஆனால் வருடா வருடம் அதே பிழைகளோடுதான் விடுகிறார்கள். தவறணைப் பக்கம் போகாதே, கூட்டாளிமாரோடு சேராதே என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

முதல் நாளோடு கண்டம் கழிந்தது என்று நினைப்பது

ஆளைக் கொல்கிற பிழை இதுதான்.

தினமும் குடிக்கிறவரின் மூளையை மதுசாரம் அமுக்கியே வைத்திருக்கும். அதை ஈடுகட்ட மூளை எப்போதும் முறுக்கேறி இருக்கப் பழகிவிடுகிறது. குடி திடீரென நின்றால் அமுக்கம் போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 12 மணித்தியாலத்தில் கை நடுக்கம், வியர்வை, ஓங்காளம், படபடப்பு தொடங்கும். 48 மணித்தியாலம் வரை வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: இல்லாத பூச்சியைத் தட்டுவார், சுவரில் ஆட்களைக் காண்பார், தான் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, காய்ச்சல் ஏறும், நெஞ்சு வேகமாக அடிக்கும்.

ஏமாற்றுவது இரண்டாம் நாள். நடுக்கம் கொஞ்சம் இறங்கியதும் வீட்டார் காவலை விடுகிறார்கள். மூன்றாம் இரவு அவர் கத்தத் தொடங்கினால் பேய் பிடித்தது, தெய்வக் குற்றம் என்று அறையில் பூட்டுகிறார்கள், கட்டிலோடு கட்டுகிறார்கள். இது மருந்தால் தீர்கிற நோய். மருந்தில்லாமல் விட்டால் உயிர் போகும். திருநீறு போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டுப் போடுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரையில், பொத்துவிலில் கடைசியாகக் குடித்துவிட்டு உகந்தையில் விரதம் தொடங்குபவரின் நிலையைக் கணக்குப் பாருங்கள். மூன்றாம் நாள் அவர் குமண, யால காட்டுக்குள் நிற்பார். அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. யாத்திரைக்காக விடுபவர் புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே வைத்தியரைக் கண்டு குடியை நிறுத்த வேண்டும்.

வார்ட்டிலும் இதே கதைதான். பாம்பு கடித்தோ மோட்டார் சைக்கிளில் விழுந்தோ அனுமதிக்கப்பட்டவரிடம் "குடிப்பீங்களா?" என்று கேட்டால், வெட்கத்தில் "இல்லை" என்று மனைவிதான் முந்திக்கொண்டு சொல்வார். மூன்றாம் நாள் அவர் சேலைன் குழாயைப் பிடுங்கி எறியும்போது, விஷத்தாலா, தலையில் அடிபட்டதாலா, குடி நின்றதாலா என்று வைத்தியர் தேட வேண்டியிருக்கும். கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு குடித்தார் என்பதை முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

"போன வருசமும் இப்பிடித்தான் விட்டன், ஒண்டும் நடக்கல்ல" என்பது இன்னும் மோசமான வாதம். நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கி வருபவருக்கு ஒவ்வொரு முறையும் பின்விளைவு கடுமையாகக்கூடும். போன வருடம் நடுக்கத்தோடு போனது இந்த வருடம் வலிப்பாக வரலாம்.

தினமும் அரைப் போத்தல் சாராயமோ அதற்கு மேலோ குடிப்பவர், காலையில் நடுக்கம் தீர ஒரு மிடறு குடிக்க வேண்டியிருப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், ஈரல் நோயுள்ளவர், கர்ப்பிணி, வயோதிபர் ஆகியோர் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போய் உளநலப் பிரிவைக் கேளுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியரைக் காணும்வரை ஒரேயடியாக நிறுத்தாமல் சிறிது சிறிதாகக் குறைப்பதே பாதுகாப்பு. கசிப்புக் குடிப்பவருக்கு அதுவும் சரிவராது; அதில் எவ்வளவு மதுசாரம் என்று காய்ச்சியவருக்கே தெரியாது.

"ஒரு சேலைன் ஏத்தினா தெளியும்"

நெடுநாள் குடித்துச் சாப்பாட்டைக் கைவிட்டவரின் உடலில் தயமின், அதாவது விற்றமின் பி1, வற்றிப்போயிருக்கும். குளுக்கோசைப் பயன்படுத்த உடலுக்குத் தயமின் வேண்டும். குளுக்கோஸ் கலந்த சேலைனை மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்ததும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு தடுமாறுவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அடையாளம். குடிக்காமலே வெறிகாரனைப் போல் நடக்கிறார் என்று சிரிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சேலைன் ஏற்றும் இடத்தில் "தயமின் போட்டீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை.

வீட்டில் கஞ்சி, பருப்பு, முட்டை, மீன் சொதி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இனிப்புச் சோடாவால் வயிற்றை நிரப்ப வேண்டாம். எதைக் குடித்தாலும் சத்தியெடுத்தால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது.

சாராயத்தை விட்டு பியருக்கு மாறுவது

கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். அதில் சுமார் மூன்றிலொரு பங்கு மதுசாரம்; அதாவது கிட்டத்தட்ட 60 மில்லிலீற்றர். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தலில் 55 மில்லிலீற்றர் இருக்கிறது. குறைத்ததாக நினைக்கலாம், குறையவில்லை.

வலிப்பு வந்தவர் கையில் சாவி

வேண்டாம். வாயிலும் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து 1990.

சோற்றில் ஒளித்துக் குளிசை

குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் குளிசையை மனைவிமாரும் தாய்மாரும் கறியில் கலப்பதுண்டு. பாவம், அவர்களுக்கும் வேறு வழி தெரிவதில்லை. ஆனால் விபரம் தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, சத்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்து வரலாம். கடைசிக் குளிசைக்குப் பின் இரண்டு கிழமை வரை அதன் வேலை இருக்கும். அவர் அறிய, அவர் சம்மதத்தோடு, வைத்தியர் எழுதினால் மட்டும்.

அரிஷ்டம்

இந்த ஆயுர்வேத மருந்திலும் மதுசாரம் உண்டு.

நான்காம் நாள் சுகமென்று மருந்தை விடுவது

நடுக்கத்துக்கு வைத்தியர் தரும் டயசிபாம் போன்ற குளிசையை நாளுக்கு நாள் குறைத்து ஒரு கிழமையளவில் முடிப்பார்கள். இடையில் நிறுத்துவதும் தவறு, நித்திரை வருகுதென்று முடிந்த பின்னும் பாமசியில் வாங்கித் தொடர்வதும் தவறு. அந்தக் குளிசையோடு குடித்தால் மூச்சே நிற்கலாம். குளிசைப் பெட்டி வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் அவரே எடுத்துக் கொடுக்கட்டும். நித்திரை சீராகச் சில கிழமை செல்லும். அதற்குத் தனியாக மருந்து தேட வேண்டாம்; கிளினிக் திகதியில் போய்ச் சொல்லுங்கள்.